வாய் சொல்லாததைச் சொன்ன மூன்று நாள் குறிப்பு

எனக்கு 57 வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன்புவரை சிறுநீர் கழிப்பதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. ராத்திரி ஒரு தடவை எழுந்து போவது இரண்டானது, இரண்டு மூன்றானது. போய் நின்றால் உடனே வராது. வந்தாலும் விட்டு விட்டு வரும். முடிந்தது என்று திரும்பினால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பது போலவே இருக்கும். வயசானால் இப்படித்தான் என்று எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருக ஆரம்பித்த பிறகுதான் சிறுநீர்ப் பாதைக் கோளாறுகளைப் பார்க்கும் ஒரு யூராலஜிஸ்ட்டைப் பார்க்கப் போனேன்.

அந்த முதல் சந்திப்பு வீணாகப் போனது. அதில் மருத்துவருக்கும் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. என் பங்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் என்னால் மாற்ற முடிந்தது.

கையை வீசிக்கொண்டு போனேன். "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். எட்டு மாதமாகத் தூக்கம் கெட்டவன் சொன்ன பதில்: "பெரிசா ஒண்ணுமில்லை டாக்டர், ராத்திரி கொஞ்சம் அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கு." எத்தனை தடவை என்றார். "ரெண்டு இருக்கும்" என்றேன். மூன்று, சில நாள் நான்கு. ஏன் குறைத்துச் சொன்னேன் என்று இன்று கேட்டாலும் கூச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். பிரஷருக்கு ஒன்று என்றேன். பெயர் தெரியாது, சின்னதாக வெள்ளையாக இருக்கும் என்றேன். மூன்று வாரம் முன்பு சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்து, குடும்ப டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்து அது சரியானதைச் சொல்லவே இல்லை. சரியாகிப் போனதை எதற்குச் சொல்வது என்று நினைத்தேன். அவரும் கேட்கவில்லை.

அப்புறம் சிறுநீர் வரும் வேகத்தை அளக்கும் பரிசோதனை. ஒரு புனல், அதற்குக் கீழே ஒரு பாத்திரம், அதை ஒட்டி ஒரு மெஷின். நாம் புனலில் போகப் போக வேகத்தை அது கோடாக வரையும். அடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், உள்ளே கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்புதான் பாத்ரூம் போய் வந்திருந்தேன். மெஷினில் 60 மில்லி வந்தது. இந்தப் பரிசோதனையை நம்ப வேண்டுமென்றால் குறைந்தது 150 மில்லியாவது போக வேண்டும். யாரும் எனக்கு அதை முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் போன் செய்து கேட்கவில்லை. நீங்கள் இந்தப் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள்: சாதாரணமாக முட்டும் அளவுக்கு இருக்கும்போது போய் நில்லுங்கள். துடிக்கத் துடிக்க அடக்கி வைத்துக்கொண்டு போனாலும் கணக்கு சரியாக வராது.

ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். கையில் ஒரு மாத்திரைச் சீட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கான சீட்டும். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்க எடுப்பது அது. ரிசல்ட் 6.8 வந்தது. 4க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு. மறுநாள் போனில் கூப்பிட்டார்கள். "பயாப்ஸி எடுத்துடலாம், அடுத்த வாரம் வாங்க." ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான். ஏன், எதற்கு, வேறு வழி உண்டா, எதுவும் இல்லை.

அன்று ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டிய தேவையே வரவில்லை, தூங்கினால்தானே எழுந்திருப்பதற்கு. விடியும்போது என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இன்னொருத்தரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். இந்தத் தடவை நானும் வரேன்." நான் எடுத்த நல்ல முடிவு அதற்குச் சரி என்றதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி வேண்டாம் என்று தப்பித்து ஓடுவதற்காக நான் இரண்டாவது மருத்துவரைத் தேடவில்லை. தேவை என்றால் எடுத்தே ஆக வேண்டும். ஏன் தேவை என்று புரிய வைக்கும் ஒருவர் வேண்டும் என்றுதான் தேடினேன்.

யாரிடம் போவது என்பதிலேயே பலருக்கு முதல் குழப்பம் வருகிறது. 'கிட்னி டாக்டர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நெஃப்ராலஜிஸ்ட் வேறு, யூராலஜிஸ்ட் வேறு. கிட்னியின் வேலை குறைந்து ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவது, டயாலிசிஸ் வரை போகக்கூடியவை, இதையெல்லாம் மருந்தால் பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட். கல், அடைப்பு, ப்ராஸ்டேட், மூத்திரப்பை, ஆண் உறுப்பு சம்பந்தமான கோளாறுகள் எல்லாம் யூராலஜிஸ்ட்டின் வேலை. அவர் அறுவை சிகிச்சை படித்தவர். அது ஆண்களுக்கான டாக்டர் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. என் சித்தி மகள் இருமினாலே கசிகிறது என்று வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். பெண்களுக்கு வரும் கசிவு, திரும்பத் திரும்ப வரும் தொற்று, கல் எல்லாவற்றையும் யூராலஜிஸ்ட் பார்ப்பார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அப்படியே கேட்கலாம். பரிசோதனையின்போது கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யூராலஜிஸ்ட்டுகளிலும் ஆளுக்கு ஒரு பக்கம் கை தேர்ந்திருக்கும். ஒருவர் நாள் முழுக்கக் கல் எடுப்பவராக இருப்பார், ஒருவர் புற்றுநோய் அறுவை, ஒருவர் குழந்தைகள், ஒருவர் குழந்தைப்பேறு சம்பந்தமானது. நெட்டில் இருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் காத்திருந்த நேரத்தையும் ரிசப்ஷனில் பேசிய விதத்தையும் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அதுவும் முக்கியம்தான், ஆனால் என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. கடைசியில் குடும்ப டாக்டரிடமே போய், "உங்க அப்பாவுக்கு இந்தப் பிரச்சினைன்னா யார்கிட்ட அனுப்புவீங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை யாருக்கு வேண்டுமானாலும் சிபாரிசு செய்வேன். அதுவரை பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் யோசித்து இரண்டு பேர் பெயரைச் சொன்னார். ஒருவர் கல்லுக்கு, இன்னொருவர் அடைப்புக்கும் ப்ராஸ்டேட்டுக்கும். "இரண்டாமவர் அவசரப்பட்டு அறுவைக்குக் கூப்பிட மாட்டார்" என்றும் சொன்னார்.

அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. போனில் பேசிய பெண்ணிடம் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "பழைய ரிப்போர்ட் எல்லாம், ஸ்கேன் எடுத்திருந்தா ரிப்போர்ட் மட்டுமில்லாம ஃபிலிமோ சிடியோ சேர்த்து. சாப்பிடற மாத்திரையோட அட்டை. அப்புறம் மூணு நாள் யூரின் குறிப்பு எழுதிட்டு வாங்க" என்றார். மூன்று நாள் குறிப்பா, அது என்ன என்றேன். பொறுமையாகச் சொன்னார்.

ஒரு அளவுக் குவளை வேண்டும், மில்லி கோடு போட்டது. மூன்று நாள், பகல் ராத்திரி முழுக்க, ஒவ்வொரு தடவையும் அதில் பிடித்து அளவையும் நேரத்தையும் எழுத வேண்டும். குடிப்பது எதுவானாலும் அதன் அளவும் நேரமும். அவசரமாக வந்ததா, கசிந்ததா என்பதையும். எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்பதையும். மூன்று நாளும் வழக்கமாக இருப்பது போலவே இருக்க வேண்டும், நல்ல எண் வர வேண்டும் என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

முதல் ராத்திரி சங்கடமாகத்தான் இருந்தது. 12:15க்கு விளக்கைப் போட்டு, குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். 240. பாத்ரூம் கதவுக்கு வெளியே நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலால் எழுதினேன். 2:00 மணிக்கு 230. 3:50க்கு 190. காலை 6:00 மணிக்கு 220. கூட்டினால் 880. அன்றைய 24 மணி நேரக் கணக்கு மொத்தம் 1900. அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராத்திரி பலமுறை போகிறேன், அது தெரிந்ததுதானே என்று நினைத்தேன். அந்தத் தாளில்தான் என் பிரச்சினையின் பாதி இருந்தது.

இன்னொரு தாளும் தயார் செய்தேன். ப்ராஸ்டேட் தொந்தரவை அளப்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் உண்டு, ஐ.பி.எஸ்.எஸ். என்பார்கள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20ம் அதற்கு மேலும் கடுமை. கடைசியில் மதிப்பெண்ணில் சேராத ஒரு கேள்வி: இப்படியே வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நான் தனியாகப் போட்டபோது 9 வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு ரெண்டுன்னா போட்டீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது 18 ஆனது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பழகிப்போனது கணக்கில் வரவில்லை.

மூன்றாவது, மாத்திரைப் பட்டியல். இதில் மட்டும் எந்தச் சோம்பலும் கூடாது என்பேன். பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டுமில்லை, நாமே வாங்கிச் சாப்பிடுவதும். சளி, மூக்கடைப்புக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் பல ப்ராஸ்டேட் உள்ளவர்களுக்கு ஆகாது. மூக்கடைப்பை நீக்கும் மருந்து மூத்திரப்பையின் வாசலையும் இறுக்கிவிடும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பழைய வகை மருந்துகள் மூத்திரப்பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும். சிலருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோய் குழாய் போட வேண்டி வரும். எனக்கே சளி மாத்திரை சாப்பிட்ட வாரங்களில் மோசமாக இருந்திருக்கிறது, இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், அதனால் சிறுநீர் கூடும். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு பி.எஸ்.ஏ. எண்ணைச் சில மாதங்களில் சுமார் பாதியாகக் குறைத்துவிடும். அதைச் சொல்லாவிட்டால் டாக்டர் பார்க்கும் எண் தப்பான எண். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் அதை நாமாக நிறுத்தவே கூடாது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர், ஆண்மைக் குறைவுக்கு வாங்கும் மாத்திரையை மறைத்தால் அது உயிருக்கே ஆபத்து.

தாளின் அடியில், என்னால் வாயால் சொல்ல முடியாத இரண்டு வரிகளை எழுதினேன். ஒன்று, சிறுநீர் போய் முடித்தபின் கொஞ்சம் சொட்டி உடை நனைவது. இன்னொன்று தாம்பத்தியம் பற்றியது. எழுதி மடித்து வைத்ததும் நெஞ்சு லேசானது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை, நீட்டினால் போதும்.

இரண்டாவது மருத்துவர் தாள்களை வாங்கி, பேசாமல் முழுதும் படித்தார். மூன்று நாள் குறிப்பில் பேனாவை வைத்துக் கூட்டினார். "சார், உங்க மூத்திரப்பை 240 பிடிக்குது. அது மோசமில்லை. ஆனா ஒரு நாள் யூரின்ல பாதிக்குக் கிட்ட ராத்திரி உற்பத்தியாகுது. மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது" என்றார். அப்புறம் நான் எதிர்பாராததைக் கேட்டார்: "ஷூவையும் சாக்ஸையும் கழட்டுங்க." கணுக்காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. கட்டை விரலால் அழுத்தி எடுத்தார், குழி மெதுவாகத்தான் மேலே வந்தது. மாத்திரைப் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். நான் சாப்பிடும் பிரஷர் மாத்திரை ஆம்லோடிபின். அது சிலருக்குக் கால் வீக்கம் தரும். பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது, கிட்னி அதை ராத்திரியில் வெளியேற்றுகிறது. எட்டு மாதம் நான் வயசு என்று நினைத்ததில் ஒரு பாதி இது.

"குறட்டை விடுவாரா?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதாலும் ராத்திரி சிறுநீர் கூடுமாம். அவள் குறட்டை கொஞ்சம் உண்டு, மூச்சு நிற்பதில்லை என்றாள். அப்புறம் நான் சொல்லாததைச் சொன்னாள்: "டாக்டர், போன மாசம் ரெண்டு தடவை பாத்ரூம் போற வழியில இருட்டுல தடுமாறி விழப் பார்த்தார்." முதல் மருத்துவர் கொடுத்த மாத்திரை எழுந்து நிற்கும்போது பிரஷரைக் கொஞ்சம் இறக்கும் வகை. அதைப் படுப்பதற்கு முன் எடுத்து, கட்டில் ஓரம் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார். கண்புரை அறுவைக்குப் போனால் இந்த மாத்திரையைக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். கூட ஒருவரை அழைத்துப் போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு என் மனைவி சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும்.

ஆசனவாயில் விரல் விட்டு ப்ராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சங்கடம்தான், வலி இல்லை. வீக்கம் இருக்கிறது, கட்டி போல எதுவும் தட்டுப்படவில்லை என்றார். இந்தத் தடவை புனலில் 260 மில்லி போனது, போன பிறகு மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பார்த்தார்கள்.

பி.எஸ்.ஏ. சீட்டை நீட்டினேன். "இது எடுக்கும்போது எரிச்சல், காய்ச்சல் ஏதாவது இருந்ததா?" முன்பு யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். தொற்று வந்து போன பிறகு இந்த எண் இறங்க வாரக்கணக்கில் ஆகும், குறைந்தது ஆறு வாரமாவது விட்டுத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். எடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் தாம்பத்தியமும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். குறையாவிட்டால் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, இதுதான் வரிசை என்று தாளில் வரைந்து காட்டினார். ஒவ்வொரு படியும் எதற்கு என்று தெரிந்ததும் பயம் பாதியாகிவிட்டது. திரும்ப எடுத்தபோது 2.7.

அறுவை பற்றியும் கேட்டேன், இப்போது தேவையில்லை என்றாலும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும், வேறு வழிகள் என்ன, இந்த அறுவையை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள். தான் செய்யாத முறைகளையும் சேர்த்துச் சொன்னார், தேவைப்பட்டால் அதைச் செய்பவரிடம் அனுப்புவதாகவும் சொன்னார். ப்ராஸ்டேட்டை உள்ளே சுரண்டி எடுக்கும் வழக்கமான அறுவைக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும் என்று நான் கேட்காமலே சொன்னார். அந்த மருத்துவரிடம்தான் தொடர்ந்து போவது என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

பிரஷர் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவர் மாத்திரையை மாற்றினார். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கிறேன். இப்போது ராத்திரி ஒரு தடவைதான், சில நாள் அதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் இப்படி நிதானமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க முடியாது. சிறுநீர் அடியோடு நின்றுபோவது, கல் வலியோடு குளிர்காய்ச்சல், விரையில் திடீரென்று கடும் வலி, இதற்கெல்லாம் அப்பாயின்ட்மென்ட் கிடையாது, நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் சரி செய்வதுதான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. சிறு பையன்கள் வெட்கப்பட்டு வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள், பெற்றவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

போன வாரம் அண்ணன் போனில் பேசும்போது பேச்சோடு பேச்சாக, "ஒருநாள் சிவப்பா போச்சு தம்பி, வலியே இல்ல, அப்புறம் சரியாயிடுச்சு" என்றார். இருபது வருஷம் சிகரெட் பிடித்தவர். வலியில்லாமல் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்தாலும் அதை விடக் கூடாது, மூத்திரப்பைப் புற்றுநோய் பல நேரம் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். அதைச் சொல்லிப் பயமுறுத்த மனசு வரவில்லை, ஆனால் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். நேற்று ராத்திரி மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார், நான் எழுதிக்கொண்டேன். ஏழாவது அட்டை ரத்தம் உறையாமல் இருப்பதற்கானது. "அதனாலதான் வந்திருக்கும், விடு" என்றார். "இருக்கலாம்ண்ணே, அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்று அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.